நீயே போய்ச் சொன்ன நாள்

அன்புள்ள லோகேஷ்,

ஓசூரில் வேலை உறுதியாகிவிட்டது என்று நீ சொன்னதிலிருந்து உன் அம்மா பையை அடுக்குவதும் பிரிப்பதுமாக இருக்கிறாள். ஊறுகாய் பாட்டிலைத் துணிக்கு நடுவில் வைப்பதா ஓரத்தில் வைப்பதா என்று என்னிடம் வேறு கேட்கிறாள். நான் என் பங்குக்கு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நேரிலேயே பேசலாமே என்று நீ கேட்பாய். நம் இருவருக்கும் அது வராது. முப்பது வருஷமாக பஸ் ஓட்டுகிறவனுக்கு ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசித்தான் பழக்கம். எதிரில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தால் பாதியில் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விடுவேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. டிப்போவில் என்னோடு வேலை செய்கிறவர்களில் சிலருடைய பிள்ளைகள் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அறைக்குள்ளேயே கிடக்கிறார்கள். "உம் பையன் எப்படிப்பா தேறுனான்?" என்று ஓய்வறையில் என்னை ஓரங்கட்டிக் கேட்கிறார்கள். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிடக்கூடிய பதில் என்னிடம் இல்லை. அதனால் உனக்கு எழுதுவதை அவர்களும் படிக்கட்டும் என்று நினைத்தேன். "எழுதுங்கப்பா, எனக்கு ஒண்ணும் இல்ல" என்று நீ சொன்ன பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

நம் குடும்பத்தில் மாதச் சம்பளத்துக்குப் போன முதல் ஆள் நான். என் அப்பா கண்ணமங்கலம் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர். அதனால் நீ சென்னையில் இன்ஜினியரிங் சேர்ந்தபோது அந்தச் சேதியை ஆரணியிலிருந்து வேலூர் வரை எல்லா ஸ்டாப்பிலும் சொல்லிக்கொண்டே போனேன். இரண்டாம் வருஷம் ஒரு பரீட்சையில் கேள்வித்தாளைக் கையில் வாங்கியதும் உனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, கை மரத்துப்போயிற்று, மூச்சு முட்டியது. செத்துவிடப் போகிறோம் என்று பயந்து எழுந்து வெளியே வந்துவிட்டாய். அடுத்த பரீட்சையிலும் அதே கதை. அதற்கடுத்ததற்கு நீ ஹாலுக்கே போகவில்லை. இதெல்லாம் எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன் பண்டிகை முடிந்தும் கிளம்பவில்லை. "ஏண்டா, இன்னைக்கு போவலியா?" என்று அம்மா கேட்டாள். "நாளைக்கு போறேம்மா" என்றாய். மறுநாளும் அதையே சொன்னாய். கொஞ்ச நாளில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

அந்தக் காலத்தை நான் விவரமாக எழுதப் போவதில்லை. உனக்கு அது தெரியும். படிக்கிற மற்றவர்களுக்கு அது தங்கள் வீட்டிலேயே நடந்துகொண்டிருக்கும். கதவு சாத்தியே இருக்கும். சாப்பாட்டுத் தட்டு வெளியே வரும், நீ வரமாட்டாய். தெள்ளாரிலிருந்து உன் மாமா வந்து, "மச்சான், எல்லாம் செல்லம் குடுத்ததால வந்தது. என் கழனிக்கு அனுப்பு, ஒரு மாசத்துல சரியாப் பூடுவான்" என்றார். உன் அம்மாதான் அவர் பேச்சைக் காதில் வாங்காமல் உன்னை வேலூருக்கு மனநல டாக்டரிடம் அழைத்துப் போனாள். மாத்திரை கொடுத்தார்கள். பேசவைத்தார்கள். தூக்கம் வந்தது, நெஞ்சுப் படபடப்பு குறைந்தது. இதைக் கொட்டை எழுத்தில் எழுதத் தோன்றுகிறது எனக்கு: உன்னை முதலில் தூக்கி நிறுத்தியது அந்த டாக்டரும் அவர் கொடுத்த மாத்திரையும். நான் இனிமேல் சொல்லப்போகும் நாய்கள் பிறகுதான் வந்தன. டிப்போவில் யாராவது நாளைக்குத் தன் மகளுக்கு மாத்திரையை நிறுத்திவிட்டு ஒரு நாய்க்குட்டியை வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் உடம்பு சரியான பிறகும் நீ வீட்டை விட்டு வெளியே போகவில்லை. தினமும் ஏதாவது ஒரு சின்ன வேலைக்கு வெளியே போகட்டும் என்று டாக்டர் சொன்னார். அம்மா தயிர் வாங்க அனுப்பினாள். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தாய். பக்கத்து வீட்டுக்காரர் "இன்னா தம்பி, காலேஜ் லீவா?" என்று கேட்டதுதான் காரணம். அதற்கு மேல் நீ போனது மொட்டைமாடிக்கு மட்டும்தான். சாயந்திரம் ஆனால் தண்ணீர் டாங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாய்.

அங்கேயிருந்துதான் அந்த நாயைப் பார்த்தாய். தலையில் பிளாஸ்டிக் டப்பா மாட்டிக்கொண்டு, வழி தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டு திரிந்த கறுப்பு நாய். பிள்ளைகள் பின்னால் ஓடிச் சிரித்தார்கள். முதல் நாள் நீ ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் சாப்பிடும்போது, "அப்பா, அது தண்ணி குடிக்காம செத்துடும்" என்றாய். அந்த வாரத்தில் நீயாக வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை அதுதான். "யாருக்காவது போன் பண்ணு" என்றேன். நீ பண்ணமாட்டாய் என்று நினைத்துத்தான் சொன்னேன். போனில் தேடி, ஒரு நம்பரைக் கண்டுபிடித்து, மாடிக்குப் போய்ப் பேசினாய்.

நீ போனில் பேசிய ஜெனிஃபர் ஸ்கூட்டியில் தனியாக வந்தாள். பகலில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை, மற்ற நேரத்தில் அடிபட்ட நாய்களைப் பார்ப்பது என்று பிறகுதான் தெரிந்தது. உன்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருப்பாள். கையில் ஒரு வலையும் தோளில் ஒரு பழைய போர்வையும் இருந்தன. தெருவில் நின்று அண்ணாந்து பார்த்து, "போன் பண்ணது நீயா?" என்றாள். நீ தலையாட்டினாய். "அப்ப இன்னா பாத்துகினு நிக்கிற? ஒருத்தியா புடிக்க முடியாது. எறங்கி வா." நீ என்னைப் பார்த்தாய். நான் பேப்பரைப் பார்த்தேன். செருப்புகூடப் போடாமல் இறங்கிப் போனாய்.

அந்த நாயைப் பிடிக்க அரைமணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஜெனிஃபர் வேகமானவள், அதட்டிப் பேசுகிறவள்; அவள் கிட்டப் போனாலே நாய் மிரண்டு ஓடியது. நீ சாக்கடை ஓரத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டாய். அதன் பக்கம் திரும்பக்கூட இல்லை. அப்படியே உட்கார்ந்துகொண்டு, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாய். டப்பாவுக்குள் கண் தெரியாத அந்த நாய் கொஞ்சம் கொஞ்சமாக உன் குரல் வந்த பக்கம் நகர்ந்தது. ஜெனிஃபர் போர்வையைப் போட்டாள், நீ டப்பாவைப் பிடித்து இழுத்தாய். அது கழன்று வந்ததும் நாய் உன்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிவிட்டது. "தேங்க்ஸ் எல்லாம் சொல்லாதுங்க" என்று ஜெனிஃபர் சிரித்தாள். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்க. ஊசி போடாதவன ஷெட்டுல சேக்க மாட்டேன்." உன்னை ஷெட்டுக்கு வருகிறாயா என்று அவள் கேட்கவேயில்லை. வரப்போகிறாய் என்று அவளாக முடிவு செய்துகொண்டாள்.

ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் நீ வரிசையில் நிற்பாய் என்று நானோ உன் அம்மாவோ நம்பவில்லை. நின்றாய். வியர்த்து விறுவிறுத்துப் போய், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டுதான் வந்தாய். ஆனால் ஊசி போட்டுக்கொண்டு வந்தாய். மிச்ச ஊசிகளுக்கும் தேதி தவறாமல் போனாய்.

ஷெட் என்று நீங்கள் சொல்வது, ஆற்றோரம் மூடிக்கிடக்கும் ரைஸ் மில்லுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகை. அடிபட்ட நாய்கள், தோல் நோய் வந்த நாய்கள், எப்போதாவது வண்டி மோதிய ஒரு கன்றுக்குட்டி. ஜெனிஃபரைத் தவிர ஒரு ஆட்டோக்காரர், செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒரு பையன், அவ்வளவுதான் ஆட்கள். கால்நடை டாக்டர் நேரம் கிடைக்கும்போது வந்து பார்த்துவிட்டுப் போவார். முதல் முறை உனக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது எனக்கு அந்த நாற்றம் தாங்கவில்லை. நீ ஒரு சொறிநாய்க்கு மருந்து தடவிக்கொண்டிருந்தாய். அங்கே யாரும் உன்னிடம் எந்த வருஷம் படிக்கிறாய், எத்தனை அரியர் என்று கேட்கவில்லை. "லோகேஷ், அந்த மூணாவது கூண்டு தட்டு எங்க? ஜல்தி கழுவிக் கொண்டா" என்ற பேச்சுதான் இருந்தது. அதைக் கேட்டபோது எனக்கு ஏனோ நிம்மதியாக இருந்தது.

நான் பிறகு யோசித்துப் பார்த்தேன். கல்லூரியில் உனக்குக் குறையாகப் போனதெல்லாம் அங்கே உதவியாக இருந்தது. நீ மெதுவாகப் பேசுவாய், தயங்கித் தயங்கி நடப்பாய், யாரையும் நேராகப் பார்க்க மாட்டாய். பயந்துபோன நாய்க்கு அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டியிருக்கிறது. ஓடி ஒளிகிற உயிருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அப்புறம், அங்கே போகாமல் இருக்க முடியாது. காலையில் எழ மனமில்லாத நாட்கள் உனக்கு அப்போதும் இருந்தன. முன்பெல்லாம் அப்படிப்பட்ட நாளில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வாய். இப்போது உன் முறை வரும் நாளில் நீ போகாவிட்டால் அங்கே எட்டு வயிறு காலியாகக் கிடக்கும். முகம் கழுவாமல்கூடக் கிளம்பிப் போயிருக்கிறாய். போய்விட்டு வரும்போது கழுவிய முகமாக வருவாய்.

உன் மாமாவுக்கு மட்டும் இது கடைசிவரை பிடிக்கவில்லை. "இன்ஜினியருக்குப் படிக்க அனுப்புன புள்ள நாய்க்கு ஊழியம் பண்ணிகினு கீறான். கேக்கறவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது?" என்று கேட்டார். "அவன் காலைல எழுந்திருக்கறான்னு சொல்லுண்ணா" என்றாள் உன் அம்மா.

எல்லாம் ஏறுமுகமாகவே போனது என்று யாரும் நினைக்க வேண்டாம். மழைக்காலத்தில் யாரோ ஒரு சாக்கில் கட்டி ஆற்றோரம் போட்டுவிட்டுப் போன ஐந்து குட்டிகளை நீ எடுத்து வந்தாய். பால் புகட்டினாய், பெயர் வைத்தாய். வயிற்றுப்போக்கு வந்து ஒவ்வொன்றாகச் செத்தன. டாக்டர் வந்து குளுக்கோஸ் ஏற்றிப் பார்த்தும் பிழைக்கவில்லை. கடைசிக் குட்டி போன அன்று உன் அம்மா மிரண்டுவிட்டாள். "அவனே இப்பத்தான் தேறிகினு வர்றான். இது அவனைப் படுக்க வச்சிடுங்க. போய்க் கூட்டிகினு வாங்க" என்று என்னை அனுப்பினாள். நான் போனபோது நீ கூண்டுக்குள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாய். ஜெனிஃபர் வாசலில் ஒரு வாளியோடு நின்றிருந்தாள். அவளுக்கும் கண் சிவந்திருந்தது. "அழுறதுன்னா அழு. தரையக் கழுவிட்டு அழு. இது மத்ததுங்களுக்குத் தொத்திக்கும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. வளர்ந்த பிள்ளையிடம் இப்படியா பேசுவது என்று வாயெடுத்தேன். அதற்குள் நீ எழுந்து வாளியை வாங்கிக்கொண்டாய். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தரையைத் தேய்த்துக் கழுவினாய், கம்பி கம்பியாகத் துடைத்தாய். கழுவி முடிக்கும்போது உன் அழுகை நின்றிருந்தது. நான் உன்னைக் கூட்டிக்கொண்டு வராமல் தனியாகவே திரும்பி வந்தேன். மறுநாள் நீ போவாயா என்று உன் அம்மாவும் நானும் படுத்துக்கொண்டே காத்திருந்தோம். கேட் சத்தம் கேட்டது. அவள் எழுந்து போய் டீ போட்டாள்.

இனி நான் எழுத நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். நெசவுக்காரர்கள் இருக்கும் பின்தெருவில் காலையில் பாவு போடுவார்கள். தெரு நீளத்துக்குப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, காய வைப்பார்கள். அந்த நேரத்தில் நாய் குறுக்கே ஓடினால் அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் அந்தத் தெருவுக்கும் உங்கள் ஷெட்டுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. நீங்கள் சோறு போடுவதால்தான் நாய்கள் பெருகுகின்றன என்பது அவர்கள் கட்சி. ஒரு நாள் ஒரு செம்பட்டை நாய் பாவுக்குள் புகுந்து இழைகளில் சிக்கிக்கொண்டது. தறிக்காரர் தண்டபாணியின் மகள், ஏழு வயசுப் பெண் யாழினி, அதை விரட்டப் போனாள். நாய் அவள் கையைக் கவ்விவிட்டது.

எனக்கு அன்று வார ஓய்வு. சத்தம் கேட்டு நான் போவதற்குள் நீ அங்கே இருந்தாய். நாலைந்து பேர் கட்டையோடு நாயைச் சுவர் ஓரமாக மடக்கியிருந்தார்கள். யாரோ ஒரு பெண் மிளகாய்த்தூள் டப்பாவைக் கொண்டுவந்து குழந்தையின் காயத்தில் அப்பப் போனாள். நீ நேராகக் குழந்தையிடம் போனாய். "அக்கா, அத வைக்காதீங்க. சோப்பு குடுங்க, சோப்பு" என்று கத்தினாய். நீ கத்தி நான் அதுவரை கேட்டதில்லை. தெருக்குழாயடியில் அவளை உட்காரவைத்து, காயத்தை ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினாய். அவள் துடித்தாள். "அவ்ளோதாம்மா, அவ்ளோதான்" என்று சொல்லிக்கொண்டே விடாமல் கழுவினாய்.

அப்புறம்தான் நாயின் பக்கம் திரும்பினாய். "அண்ணே, அடிக்காதீங்க." தண்டபாணி கட்டையை ஓங்கியபடியே, "எம் புள்ளையக் கடிச்ச நாய உசுரோட உடச் சொல்றியா நீ?" என்றார். உன் உதடு நடுங்கியது. எனக்கு அது தெரிந்த நடுக்கம்தான். இப்போது திரும்பி வீட்டுக்கு ஓடிவிடுவாய் என்று நினைத்தேன். "உட வேணாண்ணே. கட்டி வைக்கறேன். பத்து நாள் பாக்கணும். அடிச்சுக் கொன்னுட்டா அதுக்கு வெறி இருந்துச்சா இல்லையான்னு யாருக்கும் தெரியாமப் பூடும். நீங்க பாப்பாவக் கூட்டிகினு ஆஸ்பத்திரிக்குப் போங்க. நாய் எப்படி இருந்தாலும் எல்லா ஊசியும் போட்டே ஆகணும், ஒண்ணுகூட விடக்கூடாது." வார்த்தைகள் திக்கித் திக்கித்தான் வந்தன. ஆனால் எல்லாம் வந்துவிட்டன. கடி ஆழமாக இருந்ததால், காயத்தைச் சுற்றிப் போடும் மருந்துக்காக அன்றே அந்தப் பெண்ணை வேலூருக்கு அனுப்பினார்கள். நாயை நீயும் ஜெனிஃபரும் வலையில் பிடித்துத் தனிக்கூண்டில் அடைத்தீர்கள்.

அந்தத் தெருவில் பாதிப் பேர் நீ நாயைக் காப்பாற்றக் கதை விட்டதாகத்தான் பேசிக்கொண்டார்கள். நாலாம் நாள் அந்த நாய் சாப்பிடவில்லை. அதன் தாடை தொங்கியது. தண்ணீர்க் கிண்ணத்திடம் போகும், குடிக்க முடியாமல் நிற்கும், எச்சில் ஒழுகும். டாக்டர் வந்து பார்த்து யாரும் கிட்டப் போகக் கூடாது என்றார். மறுநாள் அது செத்துப்போயிற்று. சோதனைக்கு அனுப்பினார்கள், வெறிநோய்தான் என்று உறுதியாயிற்று.

முடிவு வந்த அன்று மத்தியானம் நீ வீட்டுக்கு வந்து சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாய். கை வைக்கவில்லை. விஷயத்தைச் சொன்னாய். "அவங்ககிட்ட சொல்லணும்பா." நான் சொன்னேன், "நீ இரு. நான் தண்டபாணிகிட்ட பேசறேன். எனக்குப் பழக்கம்தான். அந்தத் தெருவே உம்மேல கோவமா கீது." நீ தட்டைத் தள்ளிவைத்தாய். "இல்லப்பா. கட்டி வைக்கலாம்னு சொன்னது நான். நான்தான் போய்ச் சொல்லணும். நீங்க வராதீங்க."

நான் வந்தேன். தெருமுனையில் பெட்டிக்கடை நிழலில் நின்றேன். உன்னை யாராவது அடித்தால் ஓடி வரும் தூரத்தில்தான் நின்றேன். இது உனக்கு இன்றுவரை தெரியாது.

நீ தெரு நடுவில் நின்று சொன்னாய். தண்டபாணி உன் சட்டையைப் பிடித்தார். "வெறிநாயா? வெறிநாய வச்சிகினா அன்னைக்கு எங்கிட்ட நாயம் பேசின? எம் புள்ளைக்கு எதுனா ஆச்சின்னா…" தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஆட்கள் வெளியே வந்தார்கள். நீ அவர் கையைத் தட்டிவிடவில்லை. அவர் பிடித்தபடியே நின்றுகொண்டு பேசினாய். "ஆமாண்ணே, வெறிநாய்தான். பாப்பாவுக்குக் காயத்துலயும் மருந்து போட்டாச்சு, மிச்ச ஊசிக்கு நானே கூட வர்றேன், ஒண்ணும் ஆகாது. ஆனா நாங்க புடிக்கறதுக்கு முன்னாடி அது இந்தத் தெருவுலதான் பத்து நாளா சுத்திகினு இருந்துச்சு. வேற யாரையாவது கடிச்சுச்சா? கீறுச்சா? காயத்துல நக்குச்சா? சின்னக் கீறலா இருந்தாலும் சொல்லுங்க. திட்டறது எல்லாம் அப்புறம் திட்டுங்க."

தண்டபாணியின் கை மெல்லத் தளர்ந்தது. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து சரோஜா முன்னால் வந்தாள். கூலிக்கு நூல் சுற்றித் தருகிறவள். புடவையைக் கணுக்காலுக்கு மேல் லேசாகத் தூக்கிக் காட்டினாள். காய்ந்துபோன பல் தடம். "சின்னதுதானேன்னு மஞ்ச வச்சி உட்டுட்டேன்பா. ஆஸ்பத்திரிக்குப் போனா அன்னிக்குக் கூலி போயிடும்னு…" அவளைத் தொடர்ந்து இன்னொருவர், தன் பையன் அந்த நாய்க்கு பிஸ்கட் கொடுக்கப் போய் விரலில் கீறல் வாங்கி வந்ததைச் சொன்னார். அன்று சாயந்திரமே உங்கள் ஆட்டோக்காரர் வண்டியில் எல்லோரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாய். நீயும் ஜெனிஃபரும்கூட மறுபடி ஊசி போட்டுக்கொண்டீர்கள்.

லோகேஷ், அந்த நாயை அன்றே அடித்துப் போட்டிருந்தால், தண்டபாணி மகளுக்குக் கடி பட்டதோடு கதை முடிந்தது என்று எல்லோரும் தறிக்குத் திரும்பியிருப்பார்கள். சரோஜா மஞ்சளைத் துடைத்துவிட்டு நூல் சுற்றிக்கொண்டிருப்பாள். அந்த நோய் வந்துவிட்டால் திரும்பி வருகிறவர்கள் இல்லை. இன்று யாழினி பள்ளிக்கூடம் போகிறாள். சரோஜா போன வாரம் சந்தையில் உன் அம்மாவிடம் வெங்காய விலையைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தாள். அந்தத் தெருக்காரர்களே பிறகு நாய்களுக்குத் தடுப்பூசி போட உங்களைக் கூப்பிட்டார்கள். தண்டபாணி உன்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. வலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு உன்னோடு தெரு முழுக்க நடந்தார்.

சரோஜாவையும் மற்றவர்களையும் அழைத்துப் போன அன்று, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு உனக்கு மறுபடி அந்தப் படபடப்பு வந்தது. வாசற்படியில் உட்கார்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டாய். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அடங்கியது. "அங்க தெருவுல நிக்கும்போதே வந்துச்சுப்பா" என்றாய். "அப்ப எப்படிடா பேசுன?" என்று கேட்டேன். "வந்தது வந்துகினுதான் இருந்துச்சு. ஆனா யார் யாருக்குக் கடி பட்டுச்சுன்னு கேக்கணும் இல்ல? அதக் கேட்டுகினு இருந்தேன்." நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். டிப்போவில் என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்ல முடியாமல் தவிக்கும் பதில் இதுதான் என்று நினைக்கிறேன். உனக்குப் பயம் போய்விடவில்லை. பயத்தை வைத்துக்கொண்டே செய்ய வேண்டிய ஒரு வேலை உனக்குக் கிடைத்தது. அந்த வேலை யாரோ உன்னைத் தேற்றுவதற்காக ஏற்பாடு செய்தது இல்லை. நிஜமாகவே ஒரு ஆள் தேவைப்பட்ட வேலை.

சில மாதம் கழித்து நீயாகத்தான் அரியர் எழுதப் போகிறேன் என்றாய். முதல் முறை ஒன்றில் தோற்றாய். ஹாலில் கை நடுங்கி முதல் அரைமணி போய்விட்டது, ஆனாலும் கடைசிவரை உட்கார்ந்திருந்தேன் என்று போனில் சொன்னாய். மார்க்கைவிட எனக்கு அதுதான் பெரிய சேதி. மறுபடி எழுதினாய், முடித்தாய். உன் கதையைக் கேட்கிறவர்கள், பையன் கால்நடை டாக்டருக்குப் படிக்கிறானா என்று ஆர்வமாகக் கேட்கிறார்கள். இல்லை, ஓசூரில் இரும்புச் சாமான் செய்கிற கம்பெனியில் அளவு சரிபார்க்கும் வேலை என்றால் அவர்களுக்கு ஏமாற்றமாகப் போய்விடுகிறது. எனக்கு ஏமாற்றம் இல்லை. வாழ்க்கை கதைபோல முடிய வேண்டும் என்று என்ன கட்டாயம்?

போகிற இடத்தில் சில விஷயம் பார்த்துக்கொள். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையைக் குறைக்காதே. நன்றாக இருக்கும்போதுதான் அந்த ஆசை வரும். கூடத் தங்குகிறவர்களில் ஒருவனிடமாவது உனக்கு இப்படி ஒன்று உண்டு என்று முன்பே சொல்லி வை. ஓசூரிலும் அடிபட்ட நாய் இருக்கும், அதைத் தூக்கிக்கொண்டு திரியும் நாலு பேரும் இருப்பார்கள். வேலை பழகியதும் தேடிப் பார். உன் ஷிப்டுக்கு ஒத்துவராவிட்டால் விடு, கட்டாயம் இல்லை. கதவைச் சாத்திக்கொள்ளத் தோன்றுகிற நாள் வந்தால், நாலு பேரைப் பார்க்க வேண்டாம், பேச வேண்டாம், உன் கையால் சோறு தின்ன ஏதாவது ஒரு உயிர் வெளியே நிற்கிறதா என்று மட்டும் போய்ப் பார். முடியவே இல்லையென்றால் கிளம்பி வந்துவிடு. ஏன் வந்தாய் என்று இந்த வீட்டில் யாரும் கேட்கப் போவதில்லை. உன் மாமாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நாளைக் காலை வேலூர் வரைக்கும் என் வண்டியில்தான் வரப்போகிறாய். டூட்டியை மாற்றச் சொல்லிக் கேட்டு வாங்கியிருக்கிறேன். வேலூரில் நீ இறங்கி ஓசூர் பஸ்ஸுக்குப் போக வேண்டும். அங்கே நமக்கு அதிக நேரம் தரமாட்டார்கள். பின்னால் வண்டி வந்து ஹாரன் அடிக்கும், டைம் கீப்பர் விசில் ஊதுவார். நான் சீட்டை விட்டு எழுந்து வந்து உன்னிடம் சொல்லிக்கொள்ள முடியாது. நீயும் கூட்டத்தில் நின்று கையாட்டிக்கொண்டிருக்காதே, பையைக் கவனி. பக்கத்துக் கண்ணாடியில் நீ தெரிகிறவரைக்கும் பார்ப்பேன். அப்புறம் வண்டியை எடுத்துவிடுவேன்.

பார்த்துப் போய் வா.

அப்பா